‘உக்கும்’ என்று அச்சிட்டால் உக்கிவிடுமா?

ஹட்டன் கடைவீதியில் மதிய வேளையில் சோற்றுப் பொதியொன்றை வாங்குபவர் அதனைச் சுற்றியுள்ள மெல்லிய தாளை உற்று நோக்குவாராயின், அது உக்கும் தன்மையுடையது எனும் அறிவித்தலைப் பல வேளைகளில் காணக்கூடும். உண்டு முடித்ததும் அந்தத் தாள் லயன் குடியிருப்பின் பின்புறத்துக் கானில் வீசப்படுகின்றது. அடுத்த மழைக்கு அது கான் வழியே ஓடையைச் சென்றடைகின்றது. பல மாதங்கள் கழித்தும் தேயிலைச் செடியின் அடியில் மண் படிந்த நிலையில் அது கிடக்கின்றது. அச்சிடப்பட்ட வாக்குறுதி பொய்யா, அல்லது அதனை நிறைவேற்றும் ஏற்பாடு நம்மிடம் இல்லையா என்பதே இங்கு எழும் வினாவாகும். மலையகத்தைப் பொறுத்தவரையில் இரண்டாவதே பெரும்பாலும் உண்மை என்பது நமது கருத்தாகும்.

பொலித்தீனைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு நமது நாட்டில் பஞ்சமில்லை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புடைய பொலித்தீன் 2007 ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததன் பின்னரே அரசாங்கம் விழித்துக்கொண்டது. அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து பொலித்தீன் லஞ்ச் சீட்டுகளும், உணவுக்கான ரெஜிபோம் பெட்டிகளும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் தடை செய்யப்பட்டன. 2021 மார்ச் 31 இல் சிறிய சஷே பக்கற்றுகள் மீதும், 2023 ஒக்டோபர் முதலாந் திகதி ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கோப்பை, கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு போன்றவை மீதும் தடை வந்தது. 2025 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து கடைகளில் ஷொப்பிங் பைகளை இலவசமாக வழங்கவும் இயலாது.

இத்தடைகளின் பயனாகவே ‘உக்கும்’ பொதிகள் சந்தைக்கு வந்தன. தமிழகத்திலும் இதே போக்கைக் காண்கின்றோம். தேயிலை மலையான நீலகிரி 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே பிளாஸ்டிக்கிற்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. தமிழக அரசு 2019 ஜனவரி முதலாந் திகதி ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை ஆரம்பித்தது. ஆயினும் பிளாஸ்டிக் போன இடத்திற்கு வந்த பொருள் எத்தகையது என்பது பற்றிய தெளிவு மக்களுக்கு இன்னும் போதியளவு ஏற்படவில்லை.

சொற்களின் பொருள் என்ன?

முதலில் மூன்று விடயங்களைப் பிரித்தறிதல் வேண்டும். தாவரத்திலிருந்து செய்யப்பட்ட பிளாஸ்டிக் அனைத்தும் உக்குவதில்லை. பிரேசிலில் கரும்பிலிருந்து பொலித்தீன் உற்பத்தி செய்யப்படுகின்றது. அது மற்றப் பொலித்தீனைப் போன்றே மண்ணில் நிலைத்திருக்கும். இரண்டாவதாக, சாதாரண பொலித்தீனில் சில இரசாயனங்களைச் சேர்த்து வெயிலிலும் காற்றிலும் துண்டுதுண்டாக உடையச் செய்யும் வகையொன்றுண்டு. அது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகிவிடுமேயன்றி மண்ணோடு மண்ணாவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் இவ்வகையைத் தடை செய்தது. மூன்றாவது வகையே உண்மையில் கூட்டெருவாகக்கூடியது. நுண்ணங்கிகள் அதனை உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன.

இந்த மூன்றாவது வகைக்குச் சர்வதேசத் தராதரங்கள் உள்ளன. ஐரோப்பாவின் ஈ.என். 13432, சர்வதேச ஐ.எஸ்.ஓ. 17088 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஐரோப்பியத் தராதரத்தின்படி, பொருளானது 12 வாரங்களில் சிதைந்து, 2 மில்லிமீற்றர் அரிப்பில் சலிக்கும்போது பத்து வீதத்திற்கு மேல் தங்காதிருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்குள் 90 வீதம் உயிரியல் ரீதியாக மாற்றமடையவும் வேண்டும். ஆனால் இச்சோதனை ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நடத்தப்படுகின்றது என்பதே இங்கு கவனத்திற் கொள்ள வேண்டிய விடயமாகும்.

இவ்வெப்பம் ஏன் தேவைப்படுகின்றது? உக்கும் பொதிகளில் பெருமளவில் பயன்படுத்தப்படுவது சோளம், கரும்பு போன்றவற்றின் மாப்பொருளிலிருந்தும் சீனியிலிருந்தும் பெறப்படும் பொலிலக்ரிக் அமிலமாகும். பி.எல்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இப்பொருள் 55 முதல் 60 பாகை வரையிலான வெப்பத்திலேயே இளகுகின்றது. இளகிய பின்னரே நீர் உட்புகுந்து அதன் நீண்ட சங்கிலிகளை விரைவாக அறுக்கின்றது. அறுபட்ட சிறு துண்டுகளையே நுண்ணங்கிகள் உண்ணுகின்றன. குளிர்ந்த மண்ணில் அது கிட்டத்தட்ட சாதாரண பிளாஸ்டிக்கைப் போன்றே கிடக்கும். தேநீர் அருந்தும் காகிதக் கோப்பையின் உட்புறத்தில் பூசப்படும் மெல்லிய படலத்தின் நிலையும் இதுவே. அது பொலித்தீனாயின் உக்குவதற்கே இடமில்லை. பி.எல்.ஏ. ஆயின் வெப்பமின்றி உக்குவது அரிது.

குளிர் மலையும் வெப்பத் தராதரமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவிலேயே உள்ளது. தை, மாசி மாதங்களில் அதிகாலையில் உறைபனி படிந்து கொழுந்து கருகுவதும் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய பகுதிகள் அதனைவிடச் சற்றே வெப்பமானவை. அவ்வளவுதான். வீட்டுத் தோட்டத்தில் உக்கும் பொருட்களுக்கென அவுஸ்திரேலியாவும் பிரான்ஸும் வகுத்துள்ள தராதரங்கள் கூட 20 முதல் 30 பாகை வரையிலான வெப்பத்தையே அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே, நுவரெலியா மண்ணில் புதைத்த உக்கும் பை உக்கவில்லை என ஒருவர் முறையிட்டால், அவர் கூறுவது நியாயமே.

மேலைநாட்டு ஆய்வுகளும் இதனையே உணர்த்துகின்றன. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் 2022 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பிரித்தானியப் பொதுமக்கள் தமது வீட்டுக் கூட்டெருக் குவியலில் இட்ட உக்கும் பிளாஸ்டிக்குகள் அவதானிக்கப்பட்டன. வீட்டில் உக்கும் எனச் சான்றிதழ் பெற்றவற்றிலேயே 60 வீதமானவை முழுமையாகச் சிதையவில்லை. பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பி.எல்.ஏ. கொண்ட தேநீர்ப் பைகளை ஏழு மாதங்கள் மண்ணில் புதைத்துப் பார்த்தனர். முற்றிலும் பி.எல்.ஏ. யினாலான பை அப்படியே இருந்ததாக 2024 இல் அவர்கள் அறிவித்தனர்.

தேநீர்ப் பை என்றதும் இவ்விடயம் நம் தோட்டங்களோடு நேரடியாகப் பிணைந்துவிடுகின்றது. பல தேநீர்ப் பைகளின் ஓரங்களை ஒட்டுவதற்குப் பொலிபுரோப்பிலின் எனும் பிளாஸ்டிக் நார் கலக்கப்படுகின்றது. சில பைகள் முழுவதும் நைலோன் போன்றவற்றால் செய்யப்படுகின்றன. அவ்வாறான பிளாஸ்டிக் பையொன்று 95 பாகை நீரில் பல நூறு கோடி நுண்துகள்களை வெளியிடுவதாகக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகம் 2019 இல் கண்டறிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதியிடல் தொடர்பான 2025 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, 2028 பெப்ரவரி 12 ஆம் திகதியிலிருந்து அங்கு விற்கப்படும் தேநீர்ப் பைகள் தொழிற்சாலை முறையில் கூட்டெருவாகக்கூடியனவாக இருத்தல் வேண்டும். எனவே நமது ஏற்றுமதியாளர்கள் விரும்பினும் விரும்பாவிடினும் இம்மாற்றத்தைச் செய்தேயாக வேண்டும். ஐரோப்பாவில் தேநீர் அருந்துபவரின் பை உக்குவதற்கு அங்கே நிலையங்கள் உள்ளன. அக்கொழுந்தைப் பறித்த பெண்ணின் லயனருகே அவரது குழந்தையின் பிஸ்கட் பக்கற்றைப் போடுவதற்கு ஒரு தொட்டியேனும் இல்லாத தோட்டங்கள் இன்னும் உள்ளன என்பதை எவ்வாறு மறப்பது?

வெப்பத்தை நாமே உண்டாக்கலாம்

இவ்விடத்தில் நம்பிக்கை தரும் உண்மையொன்றையும் கூற வேண்டும். 58 பாகை வெப்பத்தைப் பெறுவதற்குப் பெரிய இயந்திரங்களோ மின்சாரமோ தேவையில்லை. முறையாக அடுக்கப்பட்ட கூட்டெருக் குவியல் தானாகவே சூடாகின்றது. 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் பணியாற்றிய சேர் அல்பேர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், விவசாயிகளின் வைக்கோல், சாணம், களைகள் ஆகியவற்றைக் கொண்டு ‘இந்தூர் முறை’யை வகுத்தார். தேயிலை உட்படப் பெருந்தோட்டப் பயிர்களுக்கும் அம்முறை பின்னர் பரவியது. வெளியே எவ்வளவு குளிராயினும் குவியலின் நடுப்பகுதி 60 பாகையைத் தாண்டக்கூடும் என்பதே அதன் சிறப்பாகும்.

அதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, குவியல் குறைந்தது ஒரு கன மீற்றர் அளவினதாக இருத்தல் வேண்டும். சிறு குவியல் உண்டாக்கும் வெப்பம் உடனுக்குடன் வெளியேறிவிடும். இரண்டாவது, ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரை காபன் இருக்கத்தக்கதாகப் பச்சைப் பொருளையும் காய்ந்த பொருளையும் கலக்க வேண்டும். மூன்றாவது, பிழிந்த துணியைப் போன்ற ஈரப்பதன் வேண்டும். நான்காவது, காற்று உட்செல்ல வேண்டும். காற்றில்லாத குவியல் அழுகி நாற்றமெடுக்கும். ‘கூட்டெரு என்றால் நாற்றம்’ என்ற எண்ணம் பிழையாகச் செய்யப்பட்ட குவியல்களால் ஏற்பட்டதேயாகும்.

தேயிலைத் தோட்டத்தில் இவற்றுக்குரிய பொருட்கள் யாவும் உள்ளன. பல தொழிலாளர் குடும்பங்கள் மாடு வளர்க்கின்றன. மாட்டுக்கொட்டகைச் சாணமும் தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையும் நைதரசனைத் தருவன. நுவரெலியா, கந்தப்பளை மரக்கறித் தோட்டங்களில் லீக்ஸ், கோவா, கரட் இலைகள் மலைபோல் குவிகின்றன. காபனுக்கு மானாப்புல், குவாத்தமாலாப் புல், நிழல்மர இலைகள், கவாத்துக் குச்சிகள் ஆகியன உண்டு. மழையே நமது பெரிய எதிரி. தென்மேற்குப் பருவமழையில் கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பகுதிகளில் திறந்தவெளிக் குவியல் நனைந்து குளிர்ந்து, அதன் சத்து முழுவதும் கழுவப்பட்டு ஓடைக்குச் சென்றுவிடும். ஆகவே கூரையும், சிறிது உயர்த்திய தளமும் இன்றியமையாதவை. பீலிக்கரைக்கு மேற்புறச் சரிவில் எக்காரணம் கொண்டும் குவியல் அமைக்கலாகாது.

மழையும் மலையும் நிறைந்த கேரளம் இதற்கு ஒரு வழியைக் காட்டியுள்ளது. கேரள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி நிலையத்தில் உருவாக்கப்பட்ட தொட்டி நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் கொண்டது. இடைவெளி விட்ட சுவர்களும் மேலே கூரையும் உடையது. சாணம், காய்ந்த இலை, சமையற் கழிவு என மாறிமாறி அடுக்கினால் வெப்பம் 70 பாகையளவுக்கு உயரும். சுமார் 90 நாட்களில் எரு கிடைக்கும். புரட்ட வேண்டிய அவசியமுமில்லை. ஆலப்புழை நகரம் இத்தகைய தொட்டிகளை வட்டாரந்தோறும் அமைத்தே தனது குப்பைப் பிரச்சினையைக் கட்டுப்படுத்தியது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2017 இல் முன்மாதிரி நகரங்கள் ஐந்தைக் குறிப்பிட்டபோது ஆலப்புழையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. லயன் ஒன்றிற்கு இவ்வாறான இரண்டு தொட்டிகள் என்பது எட்டாக்கனியன்று.

நமது நாட்டில் மத்திய சுற்றாடல் அதிகார சபை 2008 இல் ஆரம்பித்த ‘பிலிசரு’ திட்டத்தின் கீழ் பல உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கூட்டெரு நிலையங்கள் அமைத்துக் கொடுக்கப்பட்டன. பலாங்கொடை நகர சபையின் நிலையம் முன்மாதிரியாகப் பேசப்படுவதை அறிவோம். நாட்டில் சேரும் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது உக்கக்கூடியது என்பதால் இத்திட்டம் மிகவும் பொருத்தமானதாகும். ஆயினும் வீட்டிலேயே தரம்பிரிக்காத குப்பை எத்தகைய நிலையத்தையும் முடக்கிவிடும். உக்கும் தாளும் உக்காத தாளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதனால், தரம்பிரிக்கும் தொழிலாளி ஐயம் கொண்டு இரண்டையும் ஒதுக்குவதே வழமை. அவ்வாறாயின் அதிக விலை கொடுத்து உக்கும் தாள் வாங்கியதன் பயன் என்ன?

யாருடைய பொறுப்பு?

மலையகத்தில் இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாக இருந்து வந்தது. வாக்களிக்கும் உரிமை இருந்தும் குப்பை அள்ளுவிக்கும் உரிமை தோட்ட மக்களுக்கு இருக்கவில்லை. 1992 இல் தோட்டங்களின் முகாமையைப் பொறுப்பேற்ற கம்பனிகள் குடியிருப்புக் குப்பையைத் தமது வேலையாகக் கருதியதும் அரிது. பல ஆண்டுகாலக் கோரிக்கையின் பின்னர் 2018 இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய நான்கு புதிய சபைகள் உருவாகின. ஆகவே சட்டத்தைக் காரணங்காட்டி ஒதுங்கும் காலம் முடிந்துவிட்டது. 2025 மே மாதம் தெரிவான உறுப்பினர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

எருவைத் தோட்டமே வாங்கினால் இந்தச் சக்கரம் சுழலும். இங்கு 2021 ஆம் ஆண்டின் கசப்பான பாடத்தை மறத்தலாகாது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் நிறுத்தப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த 2021 ஆம் ஆண்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 251 மில்லியன் அளவிற்கு வீழ்ந்தது. எரிபொருள் நெருக்கடியும் அதற்கு ஒரு காரணமாயினும், உரமின்மையே முதன்மையானது. அதன் விளைவாகச் சேதனப் பசளை என்ற சொல்லே தோட்டப் பகுதிகளில் அவநம்பிக்கைக்குரியதாகிவிட்டது. கூட்டெரு இரசாயன உரத்திற்கு முழுமையான மாற்றீடன்று. மண் அரிப்பினால் மேல்மண்ணை இழந்துவரும் சரிவுகளில் நீரைத் தேக்கி, இடும் உரத்தையும் பிடித்து வைப்பதே அதன் பணி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்தை மட்டுமே எடுத்து வந்த மண்ணுக்கு நாம் திருப்பிக் கொடுக்கும் சிறு பங்கு அதுவாகும். நகரக் குப்பையிலிருந்து செய்யும் எருவில் கண்ணாடி, பற்றரி, பிளாஸ்டிக் துண்டுகள் கலந்திருப்பின் எந்தத் தோட்டமும் அதனை ஏற்காது. அதனாலும் தரம்பிரித்தல் அவசியமாகின்றது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ‘உக்கும்’ என அச்சிடும் உற்பத்தியாளர், எந்தத் தராதரத்தின்படி, எந்த வெப்பத்தில், எத்தனை வாரங்களில் அது உக்கும் என்பதை மும்மொழியிலும் அச்சிடுவது கட்டாயமாக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, உள்ளூராட்சி மன்றமும் தோட்ட நிர்வாகமும் கூட்டாகக் கூரையுள்ள கூட்டெருத் தொட்டிகளை அமைத்து, அதனைப் பராமரிப்பவருக்குச் சம்பளமும் கையுறையும் வழங்க வேண்டும். இலவச உழைப்பில் எந்தத் திட்டமும் நிலைப்பதில்லை. மூன்றாவதாக, தலவாக்கலையில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்ற நிறுவனங்கள் சந்தையிலுள்ள உக்கும் தாள்களை மலையகக் குளிரிலும் மழையிலும் சோதித்து முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவது பெரும் பயன் தரும்.

நான்காவது நமது கையிலேயே உள்ளது. எந்தத் தராதரச் சான்றிதழும் இன்றி எந்தக் குளிரிலும் உக்கும் பொருள் வாழையிலை. கமுகம் மடலில் செய்த தட்டும் அத்தகையதே. சோற்றுப் பொதிக்கு வாழையிலையை உட்புறம் வைத்துக் கடதாசியில் மடித்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கோயில் அன்னதானத்திற்கு இலையும், முஸ்லிம்களின் விருந்துகளில் பலர் சேர்ந்துண்ணும் சஹனும் குப்பையற்ற உணவு முறைகளேயாகும். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு வீட்டுப் பாத்திரத்தை எடுத்துச் செல்லும் வழக்கமும் அவ்வாறானதே. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கமும், மண்ணைத் தாயென வணங்கும் மரபும் இவ்விடயத்தில் ஒன்றுபடுகின்றன. டிசம்பர் பூரணை முதல் மே மாத வெசாக் வரை நல்லதண்ணி வழியே மலையேறுவோர் பல இலட்சத்தினர். தமிழர் சிவனொளிபாதமலை எனவும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை எனவும் போற்றும் அம்மலையடிவாரக் கடைகளில் இவ்வழக்கங்களை மீட்டெடுக்கலாம். அதற்குச் சட்டத்தைவிட வணிகர் சங்கங்களின் உறுதியே வேண்டும்.

உக்கும் பொதி வேண்டாமென்பது நமது வாதமன்று. குவியல் முதலில், பை பிறகு என்பதே நாம் வலியுறுத்துவது. குவியலில்லாத ஊரில் உக்கும் பையும் குப்பையே. இம்மலைகளில் ஊற்றெடுக்கும் நீரே களனியாகவும் மகாவலியாகவும் நாட்டின் பாதியை நனைக்கின்றது. லயனுக்குப் பின்னாலுள்ள கானில் இன்று கிடப்பது நாளை எங்கெல்லாம் செல்லும் என்பதை உள்ளூராட்சி மன்றங்களும் தோட்டக் கம்பனிகளும் எண்ணிப் பார்த்து, வரும் பருவமழைக்கு முன்னராவது முதற் தொட்டியைக் கட்ட முன்வருதல் வேண்டும்.